ஆசிரியருக்கு எதுக்குங்க சங்கம்?

ரொம்ப நாளாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பி.எட். என்றால் சும்மா போய் உட்கார்ந்து வரலாம் என்று எவனோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். பாடக்குறிப்பு எழுதியே விரல் தேய்ந்துவிட்டது. சரி, புலம்பல் போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம். தலைப்பு: 'ஆசிரியர்களுக்குச் சங்கம் தேவையா?' நாற்பது பேர் வகுப்பு. தேவை என்று கை தூக்கியது நாலே நாலு பேர். அதிலும் ஒருத்தன் சோம்பல் முறிக்கத்தான் கையைத் தூக்கினான் என்று பிறகு தெரிந்தது. மீதி அத்தனை பேரும் வரிசையாக எழுந்து போட்டுத் தாக்கினார்கள். "சம்பளம் லட்சத்தைத் தொடுது, இன்னும் என்ன போராட்டம்?" "வேலை செய்யாதவனைக் காப்பாத்தத்தான் சங்கம்." "ஸ்டிரைக் பண்ணா ஏழைப் பிள்ளைங்க படிப்பு போகுது." "எல்லாம் கட்சிக்காரங்க."

நான் எழுந்து நின்றேன். இரண்டு வாக்கியம் பேசினேன். மூன்றாவது வாக்கியம் வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். விடுதிக்கு வந்து படுத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். அதனால் அன்றைக்குப் பேசாததை இங்கே எழுதுகிறேன். வகுப்பு நண்பர்களே, இது உங்களுக்குத்தான். நாளைக்கு நாமும் சாக்பீஸைப் பிடிக்கப் போகிறவர்கள். மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன். 2019 ஜனவரி. நான் ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ஜனவரி 22-ஆம் தேதி ஜாக்டோ-ஜியோ காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. முதல் நாள் எங்களுக்குக் கொண்டாட்டம், மைதானத்தில் கிரிக்கெட். இரண்டாவது நாளும் கிரிக்கெட். நாலாவது நாள் பந்து தொலைந்தது. அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா பத்தாம் வகுப்பு. அவளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. "எங்க கணக்கு சார் எப்ப வருவாரு?" என்று என்னிடம் வந்து கேட்பாள், ஏதோ நான்தான் அவரைப் பிடித்து வைத்திருப்பது போல. அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன்.

என்னிடம் கேட்கக் காரணம், என் அம்மாவும் ஆசிரியை. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. அம்மாவும் அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தார். அப்பா தனியார் கம்பெனியில் வேலை. தினமும் காலையில் பேப்பரை விரித்துக்கொண்டு, "நான் ஒரு நாள் கம்பெனிக்குப் போகலைன்னா சீட்டைக் கிழிச்சிருவான். உங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்பார். அம்மா பதில் சொல்ல மாட்டார். தோசையைத் திருப்பிப் போடுவார், அவ்வளவுதான். எனக்கு அப்போது அப்பா சொன்னதுதான் சரி என்று பட்டது.

வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த இடமே காலியிடம் என்று அறிவிப்போம் என்றது அரசு. மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுப்போம் என்றது. கைது, பணியிடை நீக்கம், 17(பி) குறிப்பாணை என்று வரிசையாக வந்தன. ஜனவரி 30-ஆம் தேதி போராட்டம் கேட்டது எதுவும் கிடைக்காமலே நின்றது. அம்மா பள்ளிக்குப் போனார். விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அந்த மாதம் சம்பளமும் குறைந்தது. அப்பா, "பார்த்தியா?" என்றார்.

அந்தப் போராட்டத்தில் என்னென்ன கேட்டார்கள் என்று பிறகு ஒரு நாள்தான் உட்கார்ந்து படித்தேன். ஒன்பது அம்சக் கோரிக்கை. பழைய ஓய்வூதியம், ஊதிய முரண்பாடு, 21 மாத நிலுவை எல்லாம் இருந்தன. அதே பட்டியலில் பள்ளிகளை ஒன்றோடு ஒன்று இணைக்காதே, சத்துணவு மையங்களை மூடாதே என்பதும் இருந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் சம்பளம் மட்டும்தான் காதில் விழுந்தது. பள்ளிக்கூடம் மூடினால் யாருடைய பிள்ளை நாலு கிலோமீட்டர் நடக்கும் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இப்போது சம்பள விஷயத்துக்கே வருவோம். 'லட்சத்தைத் தொடுது' என்று சொன்ன நண்பனுக்கு ஒரு சின்னக் கணக்கு. (நான் கணக்குப் பாடம்தான். பொறுத்தருள்க.)

அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதிவு மூப்பில் பல வருஷம் காத்திருந்து 2009 ஜூலையில் வேலையில் சேர்ந்தார். பயிற்சிப் பள்ளியில் அம்மாவுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி அதே வருஷம் பிப்ரவரியில் சேர்ந்தார். ஒரே படிப்பு, ஒரே வகுப்பு, ஒரே பாடப்புத்தகம். இடைவெளி ஐந்து மாதம். நடுவில் ஜூன் 1 என்று ஒரு தேதி இருந்தது.

ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு நடந்தது இது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்குப் பழைய அடிப்படை ஊதியம் 4,500 ரூபாயை 1.86-ஆல் பெருக்கி 8,370 ரூபாய் வைத்தார்கள். 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பெருக்கல் கிடையாது. அடிப்படை 5,200 ரூபாயில் தொடக்கம். வித்தியாசம் 3,170 ரூபாய். அது அடிப்படை ஊதியம் என்பதால் அதன் மேல் வரும் அகவிலைப்படியும் குறையும். அடுத்த ஊதியக் குழுவில் எல்லாவற்றையும் 2.57-ஆல் பெருக்கினார்கள். 3,170-ஐ 2.57-ஆல் பெருக்கிப் பாருங்கள். எட்டாயிரத்தைத் தாண்டும். சும்மா விட்டால் வளரும் பள்ளம் இது.

இந்தப் பள்ளத்துக்குள் விழுந்தது ஒரு அம்மா மட்டும் இல்லை, ஆயிரக்கணக்கானவர்கள். ஆனால் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டால் என்ன பதில் வரும்? "அரசாணை அப்படித்தாம்மா இருக்கு." முடிந்தது. சேர்ந்து கேட்டதால்தான் அதற்கு 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று ஒரு பெயரே வந்தது. 2018 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம். 2022 டிசம்பர் கடைசியில் மறுபடி. அந்தப் புத்தாண்டு பலருக்கு டி.பி.ஐ. வளாகத்தில்தான் பிறந்தது. 2023 ஜனவரி 1-ஆம் தேதி, இதை ஆராய மூன்று பேர் குழு என்று அரசு அறிவித்தது. அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் திரும்பவும் போய் உட்கார வேண்டி வந்தது. ஒரு குழு கிடைக்கவே இத்தனை வருஷம். தனி ஆளாக இருந்தால் அந்தக் குழுவும் கிடைத்திருக்காது.

சரி, போராட்டத்தை விடுங்கள். சங்கம் என்றாலே கொடி, கோஷம், உண்டியல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வருஷத்தில் அது நாலைந்து நாள். மீதி நாளெல்லாம் சங்கம் என்ன செய்கிறது? எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு ஒரு அறுவை சிகிச்சை. மருத்துவ விடுப்பு எடுத்தார். திரும்பி வேலைக்குச் சேர்ந்தும் சம்பளம் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். அலுவலகத்தில் கேட்டால், விடுப்பு ஒப்பளிப்பு ஆணை வரவில்லை என்றார்கள். அந்த ஆணை ஏன் வரவில்லை என்றால், பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. அதைப் பதிய வேண்டியது யார் என்றால், மாறுதலில் போன பழைய எழுத்தர். வீட்டுக் கடன் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அந்த மூன்று மாதமும் சீட்டைக் கிழிப்பது பற்றியெல்லாம் பேசவில்லை.

அப்போது வீட்டுக்கு ஒருவர் வந்தார். சங்கத்தின் வட்டாரச் செயலாளர். நான் அவரைச் செயலாளர் மாமா என்றுதான் கூப்பிடுவேன். டி.வி.எஸ். 50, ரெக்ஸின் பை. பை நிறைய அரசாணை நகல்கள். எந்த அரசாணை, எந்தத் தேதி, எந்தப் பத்தி என்று பையைத் திறக்காமலே சொல்வார். "டீச்சர், தகுதிச் சான்று இருக்கா? அதை மட்டும் குடுங்க. நாளைக்கு மத்தியானம் நீங்க பள்ளிக்கூடத்துலயே இருங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். மறுநாள் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. பைல் எந்த மேசையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அது அடுத்த மேசைக்குப் போகும் வரை அங்கேயே இருந்தார். அதற்கு அடுத்த மேசைக்கும் போனார். பத்து நாளில் சம்பளம் வந்தது.

இதில் புரட்சி ஒன்றும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அம்மாவே போய் உட்கார்ந்திருந்தால் அது தற்செயல் விடுப்பில் கழியும். நாலு முறை போனால் 'அலுவலகத்துக்கே வந்து நிற்கிற டீச்சர்' என்று பெயர் வரும். அடுத்த மாறுதல் கலந்தாய்வு வரைக்கும் அந்தப் பெயர் கூடவே வரும். சங்கக்காரர் போனால் அது அம்மாவின் சண்டை இல்லை, சங்கத்தின் கடிதம். இந்தச் சின்ன வித்தியாசம்தான் சங்கத்தின் பாதி வேலை என்று நினைக்கிறேன். ஊதிய உயர்வு விட்டுப்போனது, தேர்வுநிலை சரியாகப் போடாதது, முன்னுரிமைப் பட்டியலில் பெயர் கீழே இறங்கியது, இறந்துபோன ஆசிரியரின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்காதது என்று அந்த ரெக்ஸின் பையில் இருந்ததெல்லாம் இப்படிப்பட்ட விஷயங்கள்தான். எதுவும் செய்தித்தாளில் வராது.

'வேலை செய்யாதவனைக் காப்பாத்தத்தான் சங்கம்' என்ற வாதத்துக்கு வருகிறேன். அதை நான் அவரிடமே கேட்டேன். சிரித்தார். "தம்பி, வக்கீல் கொலைகாரனுக்கும் வாதாடுறாரு. அதுக்காகக் கோர்ட்டை மூடிரலாமா? ஒருத்தன் மேல குற்றச்சாட்டு வந்தா விசாரிச்சுட்டுத் தண்டனை குடுங்கன்னுதான் நாங்க சொல்றோம். விசாரிக்காம குடுக்காதீங்கன்னு சொல்றோம்" என்றார்.

விசாரிக்காமல் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். 2003 ஜூலையில் வேலை போனவர்களில் அவரும் ஒருவர். நம்மில் பலர் அப்போது பிறக்கவே இல்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஜூலை 2-ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அன்றைய ஜெயலலிதா அரசு டெஸ்மா சட்டத்துக்கு ஓர் அவசரச் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டு வந்து, சுமார் 1,70,000 பேரை ஒட்டுமொத்தமாக வேலையை விட்டு நீக்கியது. குறிப்பாணை இல்லை, விசாரணை இல்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலானவர்கள் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேலையில் சேர்ந்தார்கள். மாமாவும் எழுதிக் கொடுத்தார். "கை நடுங்குச்சு தம்பி. பதினஞ்சு வருஷம் பிள்ளைங்களுக்குக் கையெழுத்து சொல்லிக் குடுத்த கை" என்று ஒரே ஒரு முறை சொன்னார். 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சி அணி தோற்றது. அந்தக் கையோடு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் திரும்பப் பெறப்பட்டன. 2019 போராட்டத்துக்கான நடவடிக்கைகளும் 2021-இல் இதேபோல் கைவிடப்பட்டன. அந்த நாட்களும் பணிக்காலமாக ஏற்கப்பட்டன.

இதைக் கேட்டதும் "பார்த்தியா, எல்லாம் ஓட்டு அரசியல்" என்பீர்கள். உண்மைதான். ஆனால் 'உங்களுக்குப் போராட உரிமையே இல்லை' என்று சட்டம் சொன்ன பிறகு, ஒரு ஊழியனிடம் மிச்சம் இருப்பது எண்ணிக்கை மட்டும்தானே? அந்த எண்ணிக்கையைச் சிதறாமல் வைத்திருப்பதுதான் சங்கம்.

இப்போது சங்கமே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். இதற்குக் கற்பனை தேவையில்லை. தனியார் பள்ளிகளைப் பார்த்தால் போதும்.

என் நண்பனின் அக்கா ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தார். எம்.எஸ்சி., பி.எட். மாதச் சம்பளம் ஒன்பதாயிரம். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொரோனா வந்த 2020-இல் பாதிச் சம்பளம், பிறகு அதுவும் இல்லை. கேட்டவர்களுக்கு, "இஷ்டம் இல்லைன்னா வேற இடம் பாத்துக்கோங்க". சான்றிதழைத் திரும்ப வாங்கவே நாலு மாதம் அலைந்தார். அவருக்காக எந்த ரெக்ஸின் பையும் வரவில்லை.

சட்டமும் அவர்களுக்கு அவ்வளவு சுலபமாகக் கைகொடுத்ததில்லை. தொழில் தகராறுச் சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேன்மையான பணியாம், அதனால் தொழிலாளி இல்லையாம். கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் வேலையை விட்டு நிறுத்தினால் தொழிலாளர் நீதிமன்றக் கதவைத் தட்ட முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். நம்மைக் கடவுளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உரிமையைப் பிடுங்கிக்கொள்கிற வித்தை இது. ஆசிரியர் தினத்தன்று கொடுக்கிற ரோஜாப்பூ மாதிரி.

பணிக்கொடை கதை இன்னும் சுவாரஸ்யம். அகமதாபாத்தில் தனியார் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் சங்கம் ஒன்று, எங்களுக்கும் பணிக்கொடை வேண்டும் என்று வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2004-இல் தோற்றது. பணிக்கொடைச் சட்டத்தில் 'ஊழியர்' என்பதற்கு இருந்த விளக்கத்துக்குள் ஆசிரியர் வரமாட்டார், வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு. 2009-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. ஆக, எங்கோ குஜராத்தில் ஒரு சங்கம் தோற்ற வழக்கால்தான் நம்மூர் மெட்ரிகுலேஷன் பள்ளி டீச்சரும் பணிக்கொடை கேட்க முடிந்தது. தனி ஆசிரியர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை வக்கீலுக்குப் பணம் கட்டியிருப்பாரா?

சரி, சங்கத்துக்கு ஜால்ரா தட்டவே இந்தப் பதிவு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அவர்கள் மேல் கோபம் உண்டு. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, எத்தனை சங்கம் சாமி! இடைநிலைக்கு ஒன்று, பட்டதாரிக்கு ஒன்று, முதுகலைக்கு ஒன்று, தலைமையாசிரியருக்கு ஒன்று. அப்புறம் ஒவ்வொன்றும் உடைந்து இரண்டு, மூன்று. டைரி மட்டும் வருஷா வருஷம் எல்லாரும் போடுகிறார்கள். ஒரு சங்கத்தின் வெற்றியை இன்னொரு சங்கம் 'எங்களால்தான்' என்று நோட்டீஸ் அடிக்கிறது.

இரண்டு, கீழே இருப்பவர்களைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். சம்பளம் 5,000 ரூபாய். மே மாதம் சம்பளமே கிடையாது. மே மாதம் மட்டும் அவர்களுக்குப் பசிக்காது போல. அது 10,000 ரூபாயாக உயர ஒன்பது வருஷம் ஆனது. நிரந்தர ஆசிரியர் சங்கங்கள் தங்கள் அகவிலைப்படிக்குக் காட்டிய வேகத்தில் பாதியை இவர்களுக்குக் காட்டியிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது. தனியார் பள்ளி ஆசிரியர்களைப் பற்றியோ பேச்சே இல்லை.

மூன்று, ஒரு ஆசிரியர் பிள்ளையை அடித்தாலோ, தவறாக நடந்தாலோ, மாதக்கணக்கில் பள்ளிக்கே வராமல் இருந்தாலோ சங்கம் வாயைத் திறப்பதில்லை. விசாரணை நியாயமாக நடக்க வேண்டும் என்பது சரி. ஆனால் 'இது எங்களுக்கே அவமானம்' என்று ஒரு அறிக்கை விடலாமே? அந்த மௌனம்தான் நம் வகுப்பில் முப்பத்தாறு பேரை எதிர்க்க வைத்தது என்று நினைக்கிறேன்.

இதற்கு வெளியூரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் சிகாகோ. அங்கே ஆசிரியர் சங்கம் 2019 அக்டோபரில் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளத்தோடு சேர்த்து அவர்கள் கேட்டவை: ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு செவிலியர், ஒரு சமூகப் பணியாளர், வகுப்பில் உட்காரும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. செவிலியரும் சமூகப் பணியாளரும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றார்கள். கோரிக்கைப் பட்டியலில் பிள்ளைகளையும் முன்வரிசையில் உட்கார வைத்தால் பெற்றோரும் கூட வருவார்கள். நம் சங்கங்களின் பட்டியலிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், 2019-லும் இருந்தார்கள். ஆனால் ஏழாவது, எட்டாவது வரியில். மேடையில் பேசும்போது அந்த வரி வருவதற்குள் மைக்கை வாங்கிவிடுகிறார்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதை.

2025 செப்டம்பர் 1. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷம் அவகாசம், தேறாவிட்டால் வேலை இல்லை. ஐந்து வருஷத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது.

அம்மாவுக்கு 48 வயது. பதினாறு வருஷ அனுபவம். தகுதித் தேர்வு என்ற ஒன்றைக் கொண்டுவந்த அறிவிக்கை 2010 ஆகஸ்ட் 23-இல் வந்தது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு அது தேவையில்லை என்று அந்த அறிவிக்கையே சொன்னது. அம்மா சேர்ந்தது 2009. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. "என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி இப்ப டாக்டர்டா. எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியுமான்னு இப்ப பரீட்சை வைக்கிறாங்க" என்றார்.

நண்பர்களே, ஆசிரியருக்குத் தகுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் எல்லாரும் அந்தத் தேர்வை எழுதித்தான் உள்ளே போகப் போகிறோம். ஆனால் ஆட்டம் பாதி முடிந்த பிறகு விதியை மாற்றினால், அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டுமா வேண்டாமா?

சங்கம் இரண்டு வேலை செய்தது. ஒரு பக்கம், தீர்ப்பை மறு ஆய்வு செய்ய வேண்டும், சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று மனுவும் ஆர்ப்பாட்டமுமாக இறங்கியது. இன்னொரு பக்கம், எங்கள் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இலவச வகுப்பு ஆரம்பித்தது. ஜெயித்தால் சரி, ஜெயிக்காவிட்டாலும் நம் ஆட்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பது கணக்கு. வகுப்பை ஏற்பாடு செய்தவர் யார் தெரியுமா? நம்ம செயலாளர் மாமாதான். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தத் தேர்வு அவருக்கு எந்த வகையிலும் தேவையில்லை. ரெக்ஸின் பையில் இப்போது அரசாணைக்குப் பதில் பழைய வினாத்தாள் நகல்கள்.

லீவுக்கு ஊருக்குப் போனபோது நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கணக்கு எடுத்தேன். ஐம்பது வயதுக்காரர்கள் குட்டி பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். லாபம், நட்டம், விகிதம் எல்லாம் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை. என்னைப் பார்த்து ஒரு டீச்சர் கை தூக்கி, "சார், ஒரு டவுட்" என்றார். முதல் முறையாக என்னை ஒருவர் சார் என்று கூப்பிட்டது அங்கேதான்.

அப்பாதான் அம்மாவை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். வகுப்பு முடியும் வரை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் மெதுவாக, "எங்க கம்பெனியிலயும் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தா, அந்த லேத் மிஷின் மேட்டர்ல எனக்கு மெமோ வந்திருக்காதுடா" என்றார். அந்த மெமோ கதையை அதுவரை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

எனவே வகுப்பு நண்பர்களே, என் கட்சி இதுதான். சங்கம் வேண்டும். இப்போது இருப்பது போல அப்படியே அல்ல. பகுதி நேர ஆசிரியரையும், ஒன்பதாயிரம் வாங்கும் அக்காவையும் உள்ளே சேர்த்துக்கொள்கிற சங்கம் வேண்டும். பிள்ளைகளின் கோரிக்கையை முதல் வரியில் வைக்கிற, தவறு செய்த உறுப்பினரிடம் 'தப்பு' என்று சொல்கிற சங்கம் வேண்டும். அதை வெளியே நின்று திட்டி உண்டாக்க முடியாது. உள்ளே போய்ச் சந்தா கட்டி, கூட்டத்தில் எழுந்து கேட்டுத்தான் உண்டாக்க முடியும். அன்றைக்கு எனக்கு மூன்றாவது வாக்கியம் வராமல் போன மாதிரி அங்கேயும் உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து உள்ள முப்பத்தாறு பேரும் வரிசையில் வரவும். அடி கொஞ்சம் மெதுவாகப் போடவும்.

டிஸ்கி: சோம்பல் முறிக்கக் கை தூக்கிய நண்பன் இதைப் படித்தால், உன்னையும் எங்கள் அணியிலேயே கணக்கு வைத்திருக்கிறேன். இனிமேல் கையை இறக்க முடியாது.